பூசையில் வைத்த ஷூ

என் மகள் என்னைவிட உயரமாகிப்போனது எப்போது நடந்தது என்று எனக்குத் தெரியாது. பரண் மேலிருந்து எதையாவது எடுக்க நான் ஸ்டூலைத் தேடிக்கொண்டிருப்பேன். அவள் பின்னால் வந்து கையை நீட்டி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். உங்கள் இரண்டு பேருக்கும் எங்கிருந்து இப்படி ஒரு பனைமரம் பிறந்தது என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். நான் வெளியில் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவேன்.

சோமனூரில் வீட்டை ஒட்டியே எங்கள் தறிக் குடோன். நாள் முழுக்க அந்தத் தடதடப்புக்குள்தான் பேசுவோம், சண்டை போடுவோம், தூங்குவோம். அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குரல் பெரிசு. எனக்கு வாயும் பெரிசு. மகள் மட்டும் அமைதி. சொல்ல வேண்டியதையெல்லாம் பந்தைத் தரையில் தட்டித் தட்டியே சொல்லிவிடுவாள். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் பாஸ்கெட்பால் பந்தைக் கையில் எடுத்தவள், அப்புறம் கீழே வைக்கவே இல்லை.

போன வருஷம் மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தார்கள். அவள் போட்டுக்கொண்டு போனது, பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி போட்டுக் கழித்த ஷூ. அடிப்பக்கம் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. பந்தோடு ஓடி வந்து சட்டென்று நிற்க வேண்டிய இடத்தில் கால் நிற்காமல் இழுத்துக்கொண்டு போய், எல்லோர் முன்னாலும் விழுந்தாள். முட்டித் தோல் பெயர்ந்தது. அணியில் பெயரும் வரவில்லை. வீட்டுக்கு வந்து அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும், அழவில்லை. இந்த வருஷமும் விட்டுவிட்டால் அவள் வயதுப் பிரிவில் இன்னொரு வாய்ப்பு கிடையாது. என்ன பாடுபட்டாவது வழுக்காத ஷூ ஒன்று வாங்கிவிடுவது என்று நானும் என் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம்.

மூன்று பேரும் கோயமுத்தூர் காந்திபுரத்தில் பஸ் இறங்கி, பெரிய கடையாகவே பார்த்துப் போனோம். உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு முழுச் சுவர், தரையிலிருந்து கூரை வரைக்கும் ஷூ. ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. எங்கள் ஊர் மாரியம்மனுக்குக்கூட அவ்வளவு வெளிச்சம் போட்டதில்லை. ஓடுவதற்கு ஒன்று, நடப்பதற்கு ஒன்று, மலை ஏறுவதற்கு ஒன்று. மனிதனுக்கு இருப்பதே இரண்டு கால், அதற்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று மலைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்கு எட்டிய ஒன்றை எடுத்து அட்டையைத் திருப்பி விலையைப் பார்த்தேன். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டேன்.

அப்புறம் எங்கள் சக்திக்கு உட்பட்டது எந்த வரிசை என்று கேட்டு அங்கே போனோம். எனக்குத் தெரிந்தது துணி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தறியிலிருந்து இறங்குகிற காடாத் துணியைத் தொட்டுப் பார்த்தே பழகிய கை இது. ஷூவின் மேல்பக்கத்து வலைத்துணியை விரலால் இழுத்துப் பார்த்தேன், விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், தையல் ஓரத்தை நகத்தால் நெருடினேன். கடைசியில் நெசவு பிசிறில்லாமல் இருந்த வெள்ளை ஜோடி ஒன்றை எடுத்து, வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாகவே கொடுங்கள் என்றேன். கடையில் நின்ற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அது காலையில் வாக்கிங் போகிறவர்கள் போடுகிற ஷூ என்று சொன்னாள். நான் விடுவேனா, துணி நல்ல துணி என்று அப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

மகள் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மூலையில், தள்ளுபடிக்கென்று ஒதுக்கிய அடித்தட்டு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு ஷூவையும் எடுத்ததும் அவள் அதன் மேல்பக்கத்தைப் பார்க்கவில்லை, கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அடி ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். முன்பக்கம் மட்டும் வளைகிறதா என்று மடக்கினாள். துணி பிழிவதுபோல் முறுக்கி, நடுவில் விறைப்பாக நிற்கிறதா என்று பார்த்தாள். குதிகால் பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளினாள். எதையும் அவசரப்பட்டு ஒதுக்கவில்லை, எதற்கும் மயங்கவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். காய்கறிக் கடையில் முற்றின வெண்டைக்காயைப் பொறுக்கிக்கொண்டு வருகிற என் மகளா இது என்று எனக்கே சந்தேகம்.

கடைசியில் ஒரு ஜோடியை எடுத்துக் கால்களில் மாட்டி, கயிற்றை இழுத்துக் கட்டினாள். கண் கூசும் கிளிப்பச்சை. கடைக்காரப் பெண் அது போன வருஷத்துச் சரக்கு, நிறத்தைப் பார்த்து யாரும் தொடவில்லை, அதனால்தான் பாதிக்கும் கீழே விலை இறங்கிக் கிடக்கிறது என்றாள். மகள் எழுந்து, கடையின் டைல்ஸ் தரையில் நாலு எட்டு ஓடி, சட்டென்று நின்றாள்.

"கிறீச்" என்று ஒரு சத்தம். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆணி அடித்ததுபோல் நின்றிருந்தாள் மகள்.

"இதுதாங்கம்மா," என்றாள்.

அவள் அப்பா நிறத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைக் கிள்ளினேன். நல்ல துணியில் விரல் பட்டதும் எனக்குள் ஒன்று நிமிர்ந்து உட்காருமே, அதே நிமிர்வு அவள் முகத்தில் இருந்தது. அதற்கு மேல் நிறமாவது, ஒன்றாவது.

வாங்கி வந்த பிறகு அந்த ஷூவுக்கு வீட்டில் நடந்த மரியாதையைச் சொல்ல வேண்டும். தெருவில் போட்டு நடக்கக்கூடாது. மண் பட்டால் அடிப்பக்கம் பிடிப்பு விட்டுப்போகுமாம். கோர்ட்டுக்குச் செருப்பில் போய், ஓரத்தில் உட்கார்ந்து மாற்றிக்கொள்வாள். திரும்பி வந்ததும் ஈரத்துணியால் அடிப்பக்கத்தை ஒற்றி எடுத்துப் பெட்டிக்குள் வைப்பாள். தான் சாப்பிட்ட தட்டை எடுக்க நூறு தரம் சொல்ல வேண்டிய பெண்.

இந்தச் சமயத்தில் ஆயுத பூசை வந்தது. மாவட்ட அணிக்கான செலக்‌ஷன் அதற்கு இரண்டாம் நாள் காலையில். எங்கள் பக்கம் வருஷம் முழுக்க ஓடுகிற தறி அன்றைக்குத்தான் வாயை மூடும். பஞ்சுத் தூசியெல்லாம் ஊதித் தள்ளி, ஒவ்வொரு இரும்பையும் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவோம். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குக் கை நிற்காது. தறி முடிந்தால் கத்தரிக்கோல், அது முடிந்தால் பைக். டயருக்குக்கூடத் தேங்காய் எண்ணெய் தடவிக் கருகருவென்று மின்ன வைத்துவிடுவார். பூசையில் வைத்த பொருளை மறுநாள் மறுபூசை முடிகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அது எங்கள் வழக்கம்.

புத்தகங்களுக்குப் பக்கத்தில் மகள் பந்தைக் கொண்டுவந்து வைத்தாள். சரி. அடுத்து ஷூவைக் கொண்டுவந்தாள். எனக்கு வந்ததே கோபம். செருப்பைக் கொண்டாந்து சாமி முன்னால் வைக்கிறாயா, புத்தி மழுங்கிப்போச்சா என்று கத்தின கத்தலில் பக்கத்து வீட்டில் மணியாட்டுவது நின்றது. மகள் எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அவர்தான் கையில் துணியோடு வந்து, சிரித்துக்கொண்டே, "பைக்கு டயரு ஊரெல்லாம் மிதிச்சுப்போட்டுத்தான வருது. அதுக்குப் பொட்டு வெக்கறமல்லோ? இது நம்ம புள்ளையோட ஆயுதம்," என்றார். அவர் சொன்னது சரியாக இருந்தது இன்னும் கோபம். சாமி முன்னால் ஆகாது, வேண்டுமானால் தறிக்குக் கீழே வையுங்கள் என்று சொல்லிவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போய்விட்டேன்.

செலக்‌ஷன் அன்று காலை மூன்று பேரும் முதல் பஸ்ஸில் கருமத்தம்பட்டி வழியாகக் கோயமுத்தூர் போனோம். பூசைக்கு எடுத்த புது வேட்டியையே அவர் கட்டியிருந்தார். மறுபூசை முடிந்ததும் மகள் பெட்டியோடு எடுத்துப் பைக்குள் வைத்த ஷூவை, கோர்ட் ஓரத்தில்தான் வெளியே எடுத்தாள். இரண்டு ஷூவின் மூக்கிலும் காய்ந்த சந்தனப் பொட்டு. பக்கத்துப் பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

அங்கே வந்திருந்த பெண்களைப் பார்த்து நான் திகைத்தேன். என் மகள்தான் உலகத்திலேயே உயரம் என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் மேலே பத்துப் பதினைந்து பேர். ஓங்கித் தட்டுகிற பந்துகளின் சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது. முதல் குழுவிலேயே மகளைக் கூப்பிட்டார்கள். பந்து கைக்கு வந்தது, ஓடினாள், நிற்கப் போனாள். கால் நிற்கவில்லை. இழுத்துக்கொண்டு போனது. விழாமல் எப்படியோ சமாளித்தாள். மறுபடி ஓடினாள், மறுபடி அதே. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கோச் அவளை வெளியே வரச்சொல்லிக் கையைக் காட்டினார். போன வருஷம் போலவே ஆகிறதே என்று மாரியம்மனைத் திட்டக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

மகள் ஓரத்துக்கு வந்து, காலைத் தூக்கி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவினாள். கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அடியில என்னங்கப்பா தடவுனீங்க?"

"தேங்காயெண்ணெ கண்ணு," என்றார் அவர். அதில் ஒரு பெருமைகூட இருந்தது. "புது ரப்பரு, பளபளன்னு இருக்கோணுமல்லோ."

அவள் கத்தவில்லை. அழவில்லை. என் வயிற்றில் பிறந்து எப்படி அவ்வளவு நிதானம் வந்ததோ. மெதுவாகக் கேட்டாள்:

"பெல்ட்டுக்கு யாராச்சும் எண்ணெ உடுவாங்களாங்கப்பா?"

தறிக்காரனிடம் இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. மோட்டாரிலிருந்து தறியை இழுப்பது ஒரு ரப்பர் பெல்ட். அதில் சொட்டு எண்ணெய் பட்டால் போதும், பெல்ட் வழுக்கும், தறி அப்படியே நின்றுவிடும். எண்ணெய்க் கையோடு பெல்ட்டைத் தொட்ட ஆட்களை அவர் வைத வசவெல்லாம் எங்கள் தெருவுக்கே மனப்பாடம். அந்த மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை. இந்த ஜென்மத்துக்குச் சொல்லிக்காட்ட எனக்கு ஒரு விஷயம் கிடைத்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

நான் கோச்சிடம் ஓடினேன். நடந்ததைச் சொல்லி, பூசை எண்ணெய் சார், பிள்ளை மேல் தப்பில்லை என்று கும்பிட்டேன். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான் போலிருக்கிறது, சிரித்துவிட்டார். கடைசிக் குழுவோடு இறங்கட்டும், அதற்குள் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்றார்.

அதற்குள் என் வீட்டுக்காரர் எதிர் டீக்கடைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிற சோப்பும் தேங்காய் நாரும் வாங்கி வந்து, குழாயடியில் குந்தியிருந்தார். புது வேட்டி சேற்றில் கிடந்தது. அந்தக் கிளிப்பச்சை ஷூவை மடியில் கவிழ்த்துப் போட்டு, தேய்த்தார், கழுவினார், முகர்ந்தார், திரும்பத் தேய்த்தார். அடிப்பக்கத்து வரிகளுக்குள் விரல் போகவில்லை. சுண்டுவிரல் நகத்தால் வரிவரியாகச் சுரண்டினார். இழை அறுந்தால் தறிக்குள் குனிந்து முடிச்சுப் போடுகிற அதே முதுகு, அதே கவனம். பக்கத்தில் தண்ணீர் குடிக்க வந்தவர்கள் என்ன இது என்பதுபோல் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. தோளில் இருந்த துண்டால் துடைத்து, கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, பிறகுதான் மகளிடம் கொடுத்தார்.

கடைசிக் குழுவைக் கூப்பிட்டார்கள். பந்து அவளிடம் வந்தது. ஓடினாள். எனக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பயம், மூடவும் பயம்.

கிறீச்.

நின்றாள். அவளை விரட்டி வந்த இரண்டு பெண்கள் நிற்க முடியாமல் தாண்டிப் போனார்கள். அந்த ஒரு நொடி அவளைச் சுற்றி யாருமே இல்லை. நின்ற இடத்திலிருந்து நேராக மேலே எழும்பினாள். அவ்வளவு உயரத்துக்கு ஒரு உடம்பு போகும் என்று நான் கண்டதில்லை. என் சமையலறையில் தோசைக்குச் சண்டை போடுகிற உடம்பு அது. மேலே போய், அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. சத்தியமாக இருந்தது. பந்து வலைக்குள் விழுந்த பிறகுதான் அவள் கீழே வந்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விசில் ஊதி ஆட்டம் நிற்கும்போதெல்லாம் அவள் கோட்டோரத்துக்கு வருவாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், லாடம் கட்ட நிற்கிற காளை மாதிரி ஒரு காலைப் பின்னால் தூக்குவாள். அவள் அப்பா ஈரத்துண்டால் அடிப்பக்கத்தை ஒரு இழுப்பு இழுப்பார். அடுத்த கால். திரும்ப ஓடிவிடுவாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிகிற வரைக்கும் அந்த மனிதர் உட்காரவே இல்லை.

மத்தியானம் பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயரும் இருந்தது. அவள் அப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் ஜாஸ்தி என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேர் சீட் கிடைத்தது. கருமத்தம்பட்டி வருவதற்குள் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பெட்டி நசுங்கியிருந்ததால் ஷூவைக் கையில்தான் வைத்திருந்தேன். கீழே பார்த்தேன், பஸ்ஸின் தரையெல்லாம் மண்ணும் வேர்க்கடலைத் தோலும். மடியில் வைத்துக்கொண்டேன், பூசைக்கு எடுத்த புதுச் சேலை மேல். கழுவின கழுவலில் பொட்டெல்லாம் போயிருந்தது; ஒன்றில் மட்டும் தையலோரம் கொஞ்சம் சந்தனம் மிச்சம் இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜன்னலோரத்தில் இருந்த அவர் இதைக் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"செருப்பு மடியில இருக்குதுங்க அம்மணி," என்றார்.

"இருந்துட்டுப் போவுதுங்க," என்றேன்.