டெம்பிள் என்று எழுதிய கடிதம்

மனைவி செத்த பிறகு, புலம்பெயர்ந்து வந்த இந்த வெரிபீ ஊரில் என்னைத் தொடுகிற கை ஒன்றே ஒன்றுதான். எங்கள் பழைய கத்தோலிக்கக் கோயிலில், ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரம், எனக்கு முன்வாங்கில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி திரும்பிக் கைகொடுப்பார். ஒரு கணம்தான். ஒரு கிழமைக்கு அது போதும் என்று சொன்னால் பொய். போதாது. ஆனால் அதுவும் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன்?

அதனால்தான் கோயிலை விற்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கிலாந்தில் இடைக்காலத்துக் கிராமக் கோயில் ஒன்றைப் பார்த்து, அதே மணிக்கூண்டோடு, முதலில் வந்து குடியேறியவர்கள் கருங்கல்லில் கட்டியதாம். சுற்றிவர நேற்று முளைத்த வீடுகள். பூசைக்கு ஆள் குறைவாம், ஆகவே விற்கலாமாம். நல்ல நியாயம்!

மரபுரிமைப் பட்டியலில் ஏறிவிட்டால் எவரும் கைவைக்க முடியாது, அதற்கு ஊரவர்கள் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதலாம் என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் மினக்கெட்டு ஆங்கிலத்தில் எழுதினேன். 'இது எங்கள் டெம்பிள். இதை டெம்பிளாகவே எங்களுக்கு விட்டுவிடுங்கள்.' கீழே என் பெயர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் நாங்கள் பிறந்தது முதல் 'கோயிலுக்குப் போறன்' என்றுதான் சொல்லுவோம். கோயிலுக்கு ஆங்கிலம் டெம்பிள். அகராதியில்கூடப் பார்த்தேன், என் கெட்டித்தனத்தை என்ன சொல்ல!

கவுன்சில் கடிதங்களை இணையத்தில் போட்டது. பெருமைக்கு மகளையும் வாசிக்கச் சொன்னேன். சிட்னியிலிருந்து உடனே போன் எடுத்தாள்.

"அப்பா, என்ன விசர் வேலை பாத்து வச்சிருக்கிறியள்? சேர்ச்சைச் சைவக் கோயிலாக்கக் கேக்கிறியள் எண்டெல்லோ சனம் நினைக்கும்!"

"ஐயோ பிள்ளை, நான் எங்கட கோயிலைத்தானே சொன்னனான்."

"சேர்ச் எண்டு எழுதியிருக்கலாமே?"

"அது மண்டைக்குள்ள வரேல்லையடி."

ஊர் கொதித்தது. பூசைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களெல்லாம் 'எங்கள் சேர்ச்சைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதித் தள்ளினார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கடிதங்கள் வேலை செய்தன. கட்டடம் பட்டியலில் ஏறியது. இனி ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். இடித்துக் கட்ட வாங்க வந்தவர்கள் விலகிக்கொள்ள, விற்பனையும் நின்றது. என் பிழையால் கோயில் பிழைத்தது என்று தனியே இருந்து சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. அந்தப் பெண்மணி திரும்பவில்லை. பூசை முடிய, வாசலில் அவரை மறித்து, ஒரு சொல் பிழைத்துவிட்டது என்று விளக்கப் போனேன். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை.

"உங்கள் ஆட்களுக்குத்தான் கேரம் டவுன்ஸில் பெரிய இந்து டெம்பிள் இருக்கிறதே," என்றார் ஆங்கிலத்தில். "இந்தச் சின்னச் சேர்ச் உங்களுக்கு எதற்கு?"

பதினொரு வருடம். அவருக்குப் பின்னால் முழங்காலில் இருந்து செபம் சொல்லியிருக்கிறேன். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று நற்கருணை வாங்கியிருக்கிறேன். என் மனைவியின் சவப்பெட்டியை அந்தப் பீடத்தின் முன்னால்தான் வைத்தோம், அன்றும் அவர் வந்திருந்தார். இவ்வளவு காலமும் என்னை யாரென்று நினைத்துக் கைகொடுத்தாரோ, தெரியவில்லை.