எழில்மொழியின் ஷூவும் மலர்க்கொடி அக்காவின் காலும்

பாபநாசத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் மலர்க்கொடி அக்கா சக்கர ஷூ மாட்டி ஆடும் எங்கள் ரோலர் ஹாக்கி அணியில் தடுப்பாட்டம் ஆடுகிறார். நானும் அந்த அணிதான். எங்களுக்கென்று மைதானம் கிடையாது. நெல் கொள்முதல் நிலையத்தின் சிமென்ட் களத்தில்தான் பயிற்சி. சம்பா நெல் வந்து குவிந்தால் ஆட்டம் நின்றுவிடும். கடைசி மூட்டை லாரி ஏறிய மறுநாளே விளக்குமாற்றோடு போய்விடுவோம். ஒரு நெல்மணி சக்கரத்தில் மாட்டினாலும் குப்புற விழ வேண்டியதுதான்.

யார் ஸ்கேட் வாங்கினாலும் அக்காவிடம் காட்டாமல் களத்துக்குக் கொண்டுவர மாட்டோம். கடையின் ஷோகேஸ் கண்ணாடிமேல் நிறுத்தி, குனிந்து பார்ப்பார். நான்கு சக்கரமும் கண்ணாடியைத் தொட வேண்டும். ஒன்று தூக்கியிருந்தால் அடிச்சட்டம் கோணல். பிறகு சக்கரத்தைச் சுண்டிவிட்டுக் காதருகே வைப்பார். பேரிங் நல்லதாக இருந்தால் மெல்லிய ‘உஸ்’ மட்டும் வரும். கரகரத்தால் உள்ளே மணல். சக்கரத்தை நகத்தால் அழுத்துவார். அழுந்திக் கொடுத்தால் அது வழவழப்பான தரைக்கு ஆகும் ரகம். எங்கள் களத்தில் சீக்கிரம் பிய்ந்துவிடும்.

“இதையெல்லாம் கழட்டி மாத்திக்கலாம். அளவு தப்புன்னா ஒன்னும் பண்ண முடியாது” என்பார்.

அது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. அவருடைய ஷூ தஞ்சாவூரில் கூடப் படித்த தோழி விட்டுப்போனது. அவர் காலுக்குச் சிறியது. அவருடைய பெருவிரல் நகம் எப்போதும் கறுத்தே இருக்கும்.

இந்தக் கோடையில் ஒன்பதாம் வகுப்பு முடித்த எழில்மொழிக்கு அவள் அப்பா தமிழரசன் சிங்கப்பூரிலிருந்து புது ஸ்கேட் கொண்டுவந்தார். அங்கே அவர் கட்டட வேலை பார்க்கிறார். ஒரு மாத லீவு. ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்தில் நடக்கும் போட்டியில் மகள் ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவது என்றிருந்தார். எங்கள் அணியில் அவளைவிட வேகம் யாருக்கும் இல்லை. ஆனால் புது ஸ்கேட் போட்டதிலிருந்து வேகமாக வந்து நிற்கும்போதெல்லாம் விழுந்தாள். நிற்கத் தெரியாதவளை எப்படிப் போட்டிக்கு அழைத்துப்போவது?

தமிழரசனே ஸ்கேட்டைக் களத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே எழில். அக்கா புரட்டிப் பார்த்தார், சுண்டினார், காதில் வைத்தார்.

“சாமான் சுத்தம்ண்ணே. அளவுதான் பெருசு.”

“தெரிஞ்சுதாம்மா வாங்குனேன். வளர்ற புள்ள. வருசா வருசம் மாத்த முடியுமா? முன்னாடி பஞ்சு வச்சிருக்கேன் பாரு.”

யார்தான் அப்படி வாங்கவில்லை? எங்கள் வீட்டில் என் பள்ளிக்கூடப் பாவாடையின் ஓரத்தை நான்கு விரல் மடித்துத் தைத்துத்தான் கொடுத்தார்கள். செருப்பும் அப்படித்தான்.

பக்கத்தில் நின்ற கோல்கீப்பர் சஃபியாவுக்கு வாய் சும்மா இருக்காது. “இந்த அளவு அக்கா காலுக்குத்தான் எடுத்து வச்ச மாதிரி இருக்கு!”

எல்லோரும் சிரித்தோம். தமிழரசனும் சிரித்தார். “அதான் பெருசுங்குதா மலரு?”

அக்காவின் முகம் மாறிவிட்டது. விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் இனி அவர் என்ன சொன்னாலும் தனக்காகச் சொன்னதாகத்தானே ஆகும்? ஷூவைக் கீழே வைத்துவிட்டுத் தன் ஷூவின் கயிற்றை இறுக்க ஆரம்பித்தார்.

“நாளைக்கு சரியாயிடும்க்கா” என்றாள் எழில். அவளுடைய முழங்கை சிராய்த்திருந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எழிலு, ஷூவை மாட்டிக்கிட்டு இப்படி உக்காரு. அண்ணே, ரெண்டு கையாலயும் ஷூவை அசையாமப் புடிங்க. விட்றாதீங்க.”

தமிழரசன் குந்தி உட்கார்ந்து பிடித்தார்.

“இப்ப காலை மட்டும் திருப்பு. குதிகாலைத் தூக்கு.”

ஷூ அசையவில்லை. உள்ளே கால் திரும்பியது. குதிகால் எழும்பி இறங்கியது. தமிழரசன் மகளின் முகத்தைப் பார்த்தார். “இன்னொரு தடவை திருப்பு” என்றார். திருப்பினாள்.

“சாரத்துல ஏறுறப்ப சேஃப்டி பெல்ட்டு இவ்வளவு லூசா இருந்தா எங்க சூப்பர்வைசர் என்னை மேல ஏத்தவே மாட்டான்” என்று சொல்லிவிட்டுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். பிறகு அக்காவைப் பார்த்து, “உன்னுதைக் கழட்டு” என்றார்.

“வேணாம்ண்ணே. அதுக்காக நான் சொல்லல.”

“கழட்டும்மா. நீ எதுக்குச் சொன்னேன்னு என் கைக்குத் தெரிஞ்சுபோச்சு.”

அக்கா கழற்றினார். இரண்டு பெருவிரலிலும் பிளாஸ்திரி.

“இத்தன நாளா இதுலயா ஓடுன?”

அக்காவின் பழைய ஷூ எழிலுக்குப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. களத்தின் அந்தக் கோடிவரை பறந்து போனாள், பாதத்தைக் குறுக்கே திருப்பினாள், நின்றாள். திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். தமிழரசன் கைதட்டவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாற்றிப் போட்டபின் முதலில் விழுந்தது அக்காதான். “விரலெல்லாம் எங்க இருக்குன்னே தெரியலடி” என்று தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆடினார்கள். இரண்டுக்கு மூன்று என்று தோற்றோம். அந்த இரண்டும் எழில் அடித்தவை. பஸ்ஸில் திரும்பும்போது தமிழரசன் எல்லோருக்கும் பால்பன் வாங்கிக் கொடுத்தார்.

புது ஷூ இன்னும் எழிலுடையதுதான். அவள் கால் வளர்ந்ததும் அக்கா திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் பேச்சு. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் அக்கா எழில் போட்டிருக்கும் பழைய ஷூவின் முனையை அழுத்திப் பார்த்துவிட்டு, “அவசரப்படாம வளருடி” என்கிறார்.