நாற்பத்தோரு யூனிட்

கரண்ட் பில்லைக் கையில் வாங்கினால் வெர்னா ப்ரூயிட் பெயரைப் பார்க்கமாட்டாள், விலாசத்தையும் பார்க்கமாட்டாள். கண் நேராக யூனிட்டுக்குத்தான் போகும். விலாசத்தை யார் வேண்டுமானாலும் கடன் கொடுப்பார்கள். அந்த விலாசத்தில் உட்கார்ந்து யாரும் யாருக்காகவும் கரண்ட் செலவழிக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

வாபாஷ் ஆற்றுக்கு மேற்கே, இல்லினாய் பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் வசிப்பிடம் சரிபார்க்கும் மேஜைக்கு அவள் வந்து பதினேழு வருஷமாகிறது. வட்டாரத்துக்காரர்கள் வீட்டு வரி கட்டிக் கல்லூரியைத் தாங்குகிறார்கள். அதனால் அவர்களுக்கு ஒரு கட்டணம். ஆற்றைத் தாண்டி இண்டியானாவிலிருந்து வருகிறவர்களுக்கு அதைப்போல மூன்று மடங்கு. வகுப்பு தொடங்குவதற்கு முப்பது நாள் முன்பிருந்தே இந்தப் பக்கம் குடியிருக்க வேண்டும். ஆகவே டிசம்பரில் எல்லாரும் திடீரென்று இந்தப் பக்கம் குடி வந்துவிடுவார்கள், காகிதத்தில். ஒருமுறை அவள் நம்பிக் கையெழுத்துப் போட்ட விலாசம் ஒரு சோளக் கிடங்காக இருந்தது. அதற்காகக் கல்லூரிக் குழுவின் முன்னால் நின்று வாங்கிய பேச்சு இன்னும் அவள் காதில் இருக்கிறது.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை ட்ரீனா கீஸ்லர் வந்து உட்கார்ந்தாள். இருபத்து நாலு வயது, கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம், நர்சிங் வகுப்பில் இடம் கிடைத்தவள். வாடகை ஒப்பந்தம், புது டிரைவிங் லைசென்ஸ், கரண்ட் பில் மூன்றையும் வரிசையாக அடுக்கி வைத்தாள். அந்த வரிசையே வெர்னாவுக்குப் பிடிக்கவில்லை.

"டாமன் கீஸ்லர். வீட்டுக்காரர் பேரும் உன் பேரும் ஒண்ணா இருக்கே?"

"எங்க சித்தப்பா, மேடம். அவர் வீட்டுக்குப் பின்னாடி ஒரு ட்ரெய்லர் வீடு நிக்குது. நவம்பர்லேருந்து அதுலதான் இருக்கேன்."

"சொந்தச் சித்தப்பாவே ஒப்பந்தம் போட்டுக் குடுத்தாராக்கும்."

"வாடகையையும் விடாம வாங்கறாரே, மேடம்."

வெர்னா சிரிக்கவில்லை. "நாப்பத்தோரு யூனிட். ஒரு மாசத்துக்கு. ஏம்மா, ஒரு ஃப்ரிட்ஜுக்கே இது பத்தாதே?"

"ஃப்ரிட்ஜ் இல்ல."

"பாலை எங்க வைப்பே?"

"வாசல்ல. ஜனவரி மாசம், மேடம். ஊரே ஃப்ரிட்ஜ்."

"குளிருக்கு?"

"கேஸ் ஹீட்டர்."

"ராத்திரி லைட்டு கூடவா போடமாட்டே?"

"ராத்திரி வீட்ல இருந்தாத்தானே. முதியோர் இல்லத்துல நைட் ஷிப்ட். குளியல், சாப்பாடு பாதி அங்கயே. பகல்ல வந்து தூங்கறதோட சரி."

கேட்கக் கேட்கப் பதில் தயாராக வந்தது. இப்படி வருகிறவர்கள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்பது வெர்னாவின் அனுபவம். அவள் ஜன்னல் வழியே கையைக் காட்டினாள். "அந்த இண்டியானா நம்பர் பிளேட் உன்னோடதுதானே?"

"ஆமா. மார்ச் வரைக்கும் பணம் கட்டியாச்சு. கழட்டி ஆத்துல போடணுமா?" சொன்ன வேகத்தில் ட்ரீனாவே பயந்துவிட்டாள். குரல் இறங்கியது. "மேடம், நாளைக்கு அஞ்சு மணிக்குப் பதிவை முடிச்சிடுவாங்கன்னு சொன்னாங்க. மூணு மடங்குன்னு ஆயிட்டா நான் சீட்டை விட்டுடணும். அவ்வளவுதான்."

"நாளைக்குச் சொல்றேன்."

அவள் போனதும் பக்கத்து மேஜையிலிருந்து பதிவாளர் ராஸ்கோ எட்டிப் பார்த்தார். "கையெழுத்தப் போடு வெர்னா. பேப்பர் மூணும் சுத்தமா இருக்கு."

"சுத்தமா இருக்கறதுதான் இடிக்குது."

"நீ கல்யாணத்தன்னிக்கு உன் புருஷன் லைல்கிட்டயே லைசென்ஸ் கேட்டிருப்பே."

"கேட்டேன். ரெண்டு வயசு குறைச்சுத்தான் சொல்லியிருந்தான்."

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெர்னா காரை எடுத்தாள். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலையில்லை. போகக்கூடாது என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் ஹாம் வைத்த ரொட்டி. விடியற்காலையில் பெய்த பனி வயல்மேல் அப்படியே கிடந்தது.

டாமன் கீஸ்லர் வீட்டுக்குப் பின்னால் ட்ரெய்லர் இருந்தது. கார் இல்லை. வெர்னாவுக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ரொட்டியை மடித்து வைத்துவிட்டு இறங்கிப் பார்த்தாள். பனியில் ஏதோ ஒரு வண்டி வந்து திரும்பிப் போன தடம். அந்த இடத்திலிருந்து வாசல்வரை ஒரு ஜோடிக் காலடி. உள்ளே போனது மட்டும். வெளியே வந்தது இல்லை.

சரி, ஆள் இருக்கிறது. எந்த ஆள்?

படியருகே போனாள். ஜன்னல் இரண்டிலும் கண்ணாடிக்கு உள்பக்கம் வெளிச்சம் புகாதபடி அலுமினியத் தாள், ஓரமெல்லாம் டேப் போட்டு ஒட்டியிருந்தது. கதவில் ஓர் அட்டை: 'பகலில் தூங்குகிறவர் உண்டு. தட்டாதீர்கள்.'

அந்த அட்டையைப் பார்த்ததும் வெர்னாவின் கால் தானாக நின்றது. லைல் உயிரோடு இருந்தபோது பதினோரு வருஷம் கண்ணாடித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். இதே தாளை இதே மாதிரி ஒட்டியவள் அவள். இதே அட்டையை மீறித் தட்டிய வேக்குவம் கிளீனர் விற்பனைக்காரனைத் துடைப்பத்தோடு தெருமுனைவரை விரட்டியவள். எதிர்வீட்டுக்காரன் பகலில் மெஷின் வைத்துப் புல் வெட்டினான் என்று இரண்டு வருஷம் அவனோடு பேசாமல் இருந்தவள். அந்த ஊர்ப்பக்கம் யாரும் அந்த அட்டை மாட்டிய கதவில் கை வைக்கமாட்டார்கள்.

ஆனால் அட்டையை யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டலாமே. உள்ளே தூங்குவது சித்தப்பாவின் வேறு வாடகைக்காரராக இருந்தால்? அஞ்சு மணிக்குள் யாரிடம் போய்க் கேட்பது?

தட்டினாள். பதில் இல்லை. இன்னொரு தடவை, பலமாக.

ட்ரீனாதான் கதவைத் திறந்தாள். கோட்டைப் போர்த்தியிருந்தாள், ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. கன்னத்தில் தலையணை மடிப்பு காதிலிருந்து வாய்வரை சிவப்பாக ஓடியது.

"மணி என்ன?"

"பன்னெண்டேகால். கார் எங்க?"

"பேட்டரி போயிடுச்சு. வேலை செய்யற இடத்துல நிக்குது. கூட வேலை செய்யறவ கொண்டுவந்து விட்டா." கதவைப் பார்த்தாள், வெர்னாவைப் பார்த்தாள். "அட்டையப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா தட்டினீங்க?"

வெர்னா பூட்ஸில் ஒட்டிய பனியைப் படியில் உதறினாள்.

"எங்க சித்தப்பாகூடத் தட்டமாட்டார், மேடம். குடிச்சிருந்தாலும்."

அப்போதும் வெர்னாவுக்கு அடங்கவில்லை. "பாலைக் காட்டு."

ட்ரீனா காலாலேயே படியோரத்து வாளியைக் காட்டினாள். ராத்திரியில் தின்னத் தேடி வரும் ரக்கூன் திறக்காமலிருக்க மூடிமேல் ஒரு செங்கல். வெர்னா குனிந்து செங்கல்லைத் தூக்கினாள். அரை கேலன் பால், ஆறு முட்டை, ஒரு துண்டு வெண்ணெய்.

"முட்டை உறைஞ்சுடாதா?"

"உறையும். பொரிச்சா தெரியாது."

செங்கல்லைத் திரும்ப வைத்துவிட்டு வெர்னா பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். அங்கேயே கைப்பிடிக் கம்பிமேல் வைத்து, 'வட்டாரத்துக்குள்' என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டு ஒரு நகலைக் கிழித்துக் கொடுத்தாள். ட்ரீனா அதை இரண்டு தடவை படித்தாள். நன்றி சொல்லவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் ராத்திரி ஷிப்ட்தான்," என்றாள் வெர்னா.

"அப்ப தெரிஞ்சேதான் தட்டியிருக்கீங்க," என்று சொல்லி ட்ரீனா கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆபீஸில் ராஸ்கோ கேட்டார்: "பொய்யா?"

"இல்ல. குடியிருக்கா."

"அப்புறம் ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

"ரொட்டி காஞ்சுபோச்சு," என்றாள் வெர்னா.

திங்கட்கிழமை காலையில், கட்டணத்தை மறுபடி பார்க்கச் சொல்லி ஒருவன் முறையீட்டோடு வந்தான். முப்பத்தெட்டு யூனிட். வெர்னா பேனாவை எடுத்தாள். ஒரு நிமிஷம் யோசித்து மேஜைமேல் வைத்தாள்.

"தம்பி, உனக்கு எந்த ஷிப்ட்?"

"நான் வேலைக்கே போகல, மேடம். நாள் பூரா வீட்லதான்."

"அப்படியா," என்று வெர்னா பேனாவின் மூடியைக் கழற்றினாள். "உக்காரு."