சுடாத கை

ஹஸீனாவுக்குத் தேக்கா கடைத்தெருவில் ரவிக்கை தைக்கும் வேலை. ஊரார் உடம்பையெல்லாம் அளந்து தைத்தவள், சொந்த மகளின் முதுகு கோணிக்கொண்டு போவதைப் பள்ளித் தாதி சொல்லித்தான் அறிந்தாள். ஆஸ்மாவுக்கு வயது பதின்மூன்று. குனியச் சொன்னபோது ஒரு பக்க விலா மேடாக எழும்பி நின்றதாம்.

“இந்த வயசுல நெறையப் பிள்ளைங்களுக்கு இருக்காம். பெல்ட் போட்டா நேராயிடும் லா,” என்றான் கணவன் ஜாஃபர்.

மருத்துவமனையில் டாக்டர் யாமினி எக்ஸ்ரேயை வெகுநேரம் பார்த்தார். “வழக்கமா வலப்பக்கம்தான் வளையும். இவளுக்கு இடப்பக்கம் வளைஞ்சிருக்கு. எம்ஆர்ஐ எடுத்துடலாம்.”

“எல்லாப் பிள்ளைங்களுக்கும் எடுப்பீங்களா டாக்டர்?” என்றாள் ஹஸீனா.

“இல்லம்மா,” என்ற டாக்டர், ஆஸ்மாவின் வலக்கையைத் திருப்பினார். விரல்களில் பழைய கொப்புளத் தழும்புகள். “இது என்ன?”

“சட்டியத் தூக்கினேன்.”

“சுடலையா?”

ஆஸ்மா தாயைப் பார்த்தாள். “தெரியல. கொப்புளம் வந்தப்புறம்தான் பாத்தேன்.”

அடுப்படியில் கவனமில்லை என்று அன்றைக்கு ஹஸீனா அவளைத் திட்டித் தீர்த்திருந்தாள்.

ஸ்கேன் அறைக்குள் இயந்திரம் இடி இடித்தது. வெளியே ஹஸீனாவின் உதடுகள் ஓதிக்கொண்டே இருந்தன.

முடிவைக் கேட்கக் கணவனும் மனைவியும் போனார்கள். மூளையின் அடிப்பகுதி கழுத்துக்குள் இறங்கியிருந்தது. தண்டுவடத்துக்குள் நீர் கோத்து, நரம்புகளை நசுக்கிக்கொண்டிருந்தது. கைக்குச் சூடு தெரியாததும், முதுகு வளைந்ததும் அதனால்தான். முதலில் பின்மண்டையில் அறுவை செய்யவேண்டும், முதுகைப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர்.

“செஞ்சா கை சரியாயிடுமா?” என்றான் ஜாஃபர்.

“இதுக்கு மேல கெடாமத் தடுக்கத்தான் பாக்குறோம். போனது திரும்புமான்னு சொல்ல முடியாது. ஸ்கேன் எடுக்காம முதுகை மட்டும் நிமித்தியிருந்தா, காலே விளங்காமப் போயிருக்கலாம்.”

ஜாஃபர் நடைபாதைச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான். ஹஸீனா அவன் தோளைத் தொடவில்லை. தொட்டால் தானும் உடைந்துவிடுவோம் என்று பயந்தாள்.

அறுவை முடிந்தது. பிள்ளை பிழைத்தாள். தண்டுவடத்து நீர் ஓரளவு வடிந்தது. வளைவு அப்படியே இருந்தது. கைக்கு உணர்வு திரும்பவில்லை. பேனா பிடித்தால் விரல் சோர்ந்துவிடும். பள்ளியில் அவள் பூப்பந்து ஆடுவதை விட்டாள். ஏன் என்று கேட்ட தோழிகளுக்குப் பதில் சொல்லாமல், மெல்ல அவர்களையும் விட்டாள்.

ஒருநாள் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தவள் கையை வைக்கத் தயங்கினாள்.

“உம்மா, சூடா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

ஹஸீனா தன் விரலால் சோற்றைத் தொட்டாள். நன்றாகவே சுட்டது. பிசைந்து ஆற்றத் தொடங்கினாள்.