சென்றியில பறிக்கல்ல, டீச்சர்

கிருபை டீச்சர் போயிட்டாவாம்.

விடிய, என்னோட படிச்ச நவம் மெசேஜ் போட்டிருந்தான். கொஞ்ச நாளா சுகமில்லாம கல்லாற்றில மகள்ட வீட்டில இருந்திருக்கா. நாளைக்குப் பின்னேரம் அடக்கம்.

ஆட்டோவ ஓரங்கட்டிப்போட்டு அப்பிடியே இருந்தன். பின்னால இருந்த அக்கா, "என்ன தம்பி, பெற்றோல் முடிஞ்சுதா?" எண்டா. "ஓம் அக்கா" எண்டன்.

பொய். என்ட வாயில முதல் வாறது எப்பவும் அதுதான்...

என்னத் தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும், செத்தவீட்டிலயும் பகிடி விடுற ஆள் நான். இண்டைக்கு வருகுதில்ல.

தொண்ணூறுகள்ல, செங்கலடிப் பக்கம். எட்டாம் வகுப்பு. புத்தகம் ஒண்டும் ஒழுங்கா வராத காலம். டீச்சர் தன்னட்ட இருந்த இங்கிலீசு நாவல் ஒண்ட தானே தமிழாக்கி, கொப்பித் தாள்ல கையால எழுதிக்கொண்டு வந்து எங்களுக்கு வாசிப்பா.

ஒரு ஊர். அங்க ஒரு வீட்டிலயும் கதவு இருக்கப்படாது எண்டு சட்டம். ஆர் என்ன சாப்பிடுறாங்க, ஆரோட கதைக்கிறாங்க, எல்லாம் ரோட்டில நிண்டாத் தெரியவேணும். ஒரு பிள்ளை மட்டும் தங்கட வீட்டுப் பழைய கதவுச் சாவிய, அந்தத் திறப்ப ஒளிச்சு வச்சிருக்கும்.

"கதவே இல்ல. பிறகு ஏன் அதுக்குத் திறப்பு? அது வெறும் திறப்பா?" எண்டு கேட்டா டீச்சர்.

நான் எழும்பினன். "டீச்சர், எங்கட வீட்டிலயும் கதவில்ல. நாங்க சண்டைக்குப் பயந்து ஓடிப்போய்த் திரும்பி வரக்குள்ள ஆரோ கழட்டிட்டுப் போயிட்டான். திறப்பு மட்டும் இன்னும் அம்மாட இடுப்பில கிடக்கு. அப்ப எங்கட அம்மாவும் கதையில வாற ஆளா?"

வகுப்பே சிரிச்சுது. டீச்சரும் சிரிச்சா. பிறகு கண்ணாடியக் கழட்டித் துடைச்சா.

"நீ பகிடிக்குச் சொன்னாய் மனே. ஆனா அதுதான் விடை."

இன்னொரு நாள் பாத்திரங்களப் பற்றி. "நல்லவன், கெட்டவன் எண்டு எழுதாதீங்க. என்ன செஞ்சான் எண்டு மட்டும் எழுதுங்க. மிச்சம் வாசிக்கிறவங்களுக்கு விளங்கும். பக்கத்தில இருக்கிற ஆளப் பற்றி எழுதுங்க பாப்பம்."

நான் எழுதினது: "நவம் என்ட மாங்காயில பாதியக் கடிச்சிட்டு, மிச்சத்த எனக்கே தந்து 'இந்தா பங்கு' எண்டான்."

டீச்சர் அத எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினா. என்ட கொப்பிய ஒரு ஆள் வாசிச்சுக் காட்டினது வாழ்க்கையில அந்த ஒரு தரம்தான்.

அதாலதானோ என்னவோ, கடைசி அத்தியாயத்த வகுப்புக்குப் பாத்து எழுதிற வேலைய என்னட்டத் தந்தா. ஒரே ஒரு பிரதி. திங்கக்கிழமை கொண்டுவரச் சொன்னா.

ஒரு வரி வாசிக்கல்ல நான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கச்சான் கடலை வறுத்துக்கொண்டிருந்தா. சந்தியில விக்கிறவ. கடலை போட்டுக் குடுக்கிற சரை சுத்தப் பேப்பர் இல்ல. டீச்சர்ர தாள் நல்ல தடிப்பு... அம்மாவுக்கு ஒண்டும் தெரியா. நானே சுத்திக் குடுத்தன்.

திங்கக்கிழமை: "தாள் எங்க மனே?"

"சென்றியில பறிச்சிட்டாங்க டீச்சர்."

ஆமி ரோட்டில மறிச்சுச் சோதிக்கிற சென்றிதான் அந்தக் காலம் எல்லாப் பிள்ளைகளும் சொல்ற சாட்டு. வீட்டுவேலை செய்யாட்டிச் சென்றி. பிந்தினாச் சென்றி. வேற டீச்சர்மார் எண்டா "சரி, இரு" எண்டுடுவாங்க.

கிருபை டீச்சர் பள்ளி விட்டு நேர சென்றிக்குப் போயிட்டா. தாளக் கேட்டு.

தனிய. இருபத்தைஞ்சு வயசுப் பொம்பிளை.

பின்னேரம் சைக்கிள்ல அதால வந்த நான் கண்டன். கேற்றடியில, வெயிலுக்க, டீச்சர ஒரு சீமெந்துக் கட்டியில இருத்தி வச்சிருக்கிறாங்க. ஒருத்தன் மாறி ஒருத்தன் வந்து கேக்கிறான். என்ன தாள்? ஆர் எழுதினது? எந்த ஊர்ல கதவில்ல? ஆர் போட்ட சட்டம்?

நான் போய் "பொய் சொன்னன் ஐயா" எண்டு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.

சைக்கிளத் திருப்பி, வயலுக்குள்ளால வீட்ட போனன்.

பொழுதுபடக்குள்ளதான் விட்டவங்களாம்.

அடுத்த நாள் வகுப்புக்கு வந்தா. முகமெல்லாம் வெயில்ல கறுத்திருந்துது.

"கதை முழுக்க அவங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வந்திருக்கன். முடிவு தெரிஞ்ச ஆக்கள் இப்ப நானும் ஒரு ஆமிக்காரனும்தான்."

எல்லாரும் சிரிச்சாங்க. ஆகலும் சத்தமாச் சிரிச்சது நான்.

"தாள் அவங்க எடுக்கல்லையாம். பயத்தில எங்கயும் விழுத்தியிருப்பான். ஒருத்தரும் அவன ஏசப்படாது."

அண்டைக்குப் பள்ளி விட்டு டீச்சர் சந்தியில பஸ்ஸுக்கு நிண்டவ, அம்மாட்ட ஒரு சரை வாங்கினா. நான் பஸ்ஸுக்குப் பின்னால ஒளிஞ்சு நிண்டன்.

சரையப் பிரிச்சா. பாத்தா. கச்சானக் கைலேஞ்சியில கொட்டிட்டு, தாளத் தடவி நிமித்தினா.

"இந்தத் தாள்ல இன்னும் இருக்கா அக்கா?"

"இல்ல டீச்சர், எல்லாம் வித்துப்போச்சு. ஏன், ஊத்தையா?"

"இல்லக்கா. நல்ல தாள்."

மடிச்சு பேக்குக்குள்ள வச்சிட்டு பஸ் ஏறினா.

அதுக்குப் பிறகு நான் பள்ளிப் பக்கம் போகல்ல.

ஏன் எட்டோட நிண்டாய் எண்டு ஆரும் கேட்டா, "சண்டைக்காலம்தானே" எண்டுதான் இவ்வளவு நாளும் சொன்னன். பொஞ்சாதிக்கும் அதான். பிள்ளைகளுக்கும் அதான்.

நாலஞ்சு வருசத்துக்கு முதல் டீச்சர் என்ட ஆட்டோவில ஏறினா. வந்தாறுமூலை போகும் மட்டும் பகிடி விட்டு விட்டுச் சிரிக்க வச்சன். இறங்கக்குள்ள, "அம்மா சுகமா மனே? அவட கச்சான் நல்ல ருசி" எண்டா.

சொல்லத்தான் வாயத் திறந்தன்... "கவனமாப் போங்க டீச்சர்" எண்டதுதான் வந்துது.

இண்டைக்கு நவத்துக்கு கோல் எடுத்துக் கேட்டன், நான் பள்ளிய விட்டு நிண்ட பிறகாவது டீச்சர் அந்தக் கதைட முடிவச் சொன்னாவா எண்டு.

"இல்லடா. நீ வந்த பிறகு சொல்லுவம் எண்டு வச்சிருந்தா" எண்டான்.

டீச்சர், சென்றியில ஒருத்தரும் பறிக்கல்ல. நான்தான் சரை சுத்தினன்.

நல்லவன், கெட்டவன் எண்டு ஒண்டும் எழுதல்ல. செஞ்சத மட்டும் எழுதியிருக்கன்.

நாளைக்கு வாறன் டீச்சர்.