பினாங்குக்குப் போன அருவிச் சத்தம்

தென்காசியில் நான் ரேடியோ செட் கடை வைத்திருந்த காலத்தில், சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் என் ஒலிபெருக்கிக் குழாய்தான் கட்டியிருக்கும். வாசுதேவநல்லூரிலிருந்து ஆள் வந்து தேதி சொல்லிவிட்டுப் போவார்கள். குழாயை எந்த மரத்தில் எந்தத் திசைக்குக் கட்டினால் எந்தத் தெருவரைக்கும் கேட்கும் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சத்தம் சம்பந்தப்பட்ட எந்த வேலையும் என்னால் முடியும் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்பில் பெரிய தவறு ஒன்றும் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், ஒரு ஆனி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த சாயங்காலம், ஒரு அம்மா கடைக்கு வந்தார். நாற்பது வயதுக்கு உள்ளேதான் இருக்கும். கையில் தோல் பெட்டி ஒன்று. அதை யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கி வந்ததால் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே டேப் ரிக்கார்டர். அந்த மாதிரி ஒன்றைத் திருநெல்வேலியில் ஒரே ஒரு தடவை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

“தம்பி, எனக்கு ஒரு நாளைக்குக் காரும் நீங்களும் வேணும்” என்றார். “ஸ்டேஷன்ல விசாரிச்சேன். சத்தம்னா உங்களைத்தான் கேக்கணும்னு சொல்லுதாங்க.”

“என்ன விசேஷம் அக்கா?”

“விசேஷம் ஒண்ணும் இல்ல. மூணு சத்தம் பிடிச்சுட்டுப் போகணும்.”

அவர் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா அம்மா ஆலங்குளம் பக்கம் என்பதால் பேச்சு மட்டும் நம்ம பேச்சு. ஊரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவருடைய கணவர் குற்றாலத்துக்காரர். இளவயதில் குற்றாலம் கோயிலில் தவில் வாசித்தவர், பிறகு கப்பலேறிப் பினாங்கு போய்த் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முந்தின வருஷம் அவருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கட்டிலில் படுத்தபடியே ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம். அவர் கேட்டது மூன்று: தென்காசிக் கோயில் வாசல் காற்று, குற்றாலத்து அருவி, குற்றாலம் கோயில் உச்சிக்கால மேளம். இந்த அம்மா ரேடியோ கடையில் வேலை பார்த்த மகனிடம் மெஷினை வாங்கிக்கொண்டு, தனி ஆளாகக் கப்பலேறி வந்துவிட்டார்.

“முடியுமா தம்பி?”

“முடியும்” என்றேன். மெஷினை எப்படி ஓட்டுவது என்றே எனக்குத் தெரியாது. அன்று வீட்டுக்குப் போகாமல் அந்த அம்மாவிடமே கேட்டுக் கற்றுக்கொண்டேன். மைக் செட் ஏற்றுவதற்காக வைத்திருந்த பழைய காரில், பேட்டரியிலிருந்து மெஷினுக்குக் கரண்டு கொடுக்க ஒரு கன்வெர்ட்டரையும் நீளமான வயரையும் சுருட்டிப் போட்டேன்.

மறுநாள் விடிந்ததும் தென்காசிக் கோயில். அந்தக் காலத்தில் ராஜகோபுரம் பிளந்து மொட்டையாக நின்றது. ஆனால் வாசலில் வீசுகிற காற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனி ஆடியில் அங்கே நுழைந்தால் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். காற்று நேராக மைக்கில் அடித்தால் வெறும் ‘டமடம’ என்றுதான் விழும் என்பது என் தொழிலில் முதல் பாடம். மைக்கை என் துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி, கல்தூணுக்குப் பின்னால் வைத்துப் பிடித்தேன். போட்டுக் கேட்டபோது காற்று ஓங்கி வந்து, தணிந்து, மறுபடி ஓங்கியது. நடுவில் ஒரு பொம்பளை “ஏட்டி, சேலையைப் பிடி” என்று கத்தினாள். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“ஒண்ணு முடிஞ்சுது” என்றேன்.

குற்றாலத்துக்குப் போகிற வழியெல்லாம் அவர் வெளியே தலையை நீட்டியபடியே வந்தார். இறங்கியதும் கடை கடையாக மங்குஸ்தான் பழமும் ரம்டான் பழமும் குவித்து வைத்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். “இதுக்கா இவ்வளவு கூட்டம்? எங்க வீட்டுக் கொல்லையில உதிர்ந்து கெடக்கும், தம்பி.” எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. “அருவி உங்க கொல்லையில இருக்காது” என்றேன்.

பேரருவியில் அன்று நல்ல தண்ணீர். எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போய், எண்ணெய்த் துணியால் மைக்கை மூடி, ஐந்து நிமிஷம் பிடித்தேன். தெப்பமாக நனைந்துவிட்டேன். காருக்கு வந்து பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. “இது என்ன தம்பி, ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரில்லா இருக்கு?”

இருந்தது. அப்பளம் பொரிகிற சத்தம் என்றும் சொல்லலாம். மலையிலிருந்து விழுகிற தண்ணீர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மறுபடி மேலே நின்று பிடித்தேன், பாலத்தில் நின்று பிடித்தேன். எல்லாம் ஒரே இரைச்சல். என் தொழிலில் அப்படி நான் திகைத்து நின்றது குறைவு. காரின் படியில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு யோசித்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் இது குற்றாலம் என்று எனக்குத் தெரிகிறதே, எதனால்? அப்போதுதான் புரிந்தது. தண்ணீர்ச் சத்தத்தால் மட்டும் தெரியவில்லை. முதல் தண்ணீர் தலையில் விழும்போது மனிதர்கள் போடுகிற கூச்சலால் தெரிகிறது. எண்ணெய் தேய்க்கிறவர் முதுகில் ‘பளீர் பளீர்’ என்று தட்டுவதால் தெரிகிறது. நனைந்த துணியைக் கல்லில் அடித்துப் பிழிவதால் தெரிகிறது. அருவி இதற்கெல்லாம் பின்னால் நிற்கிறது.

“அக்கா, நீங்க போய்க் குளிச்சுட்டு வாங்க” என்றேன்.

“நான் குளிக்கவா வந்தேன்? மேளம் பிடிக்க நேரமாயிராதா?”

“உச்சிக்காலத்துக்கு நிறைய நேரம் கெடக்கு. நீங்க குளிச்சாத்தான் சத்தம் சரியா வரும். போங்க.”

அவர் பெண்கள் பக்கம் போனார். நான் மைக்கை எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசைக்குப் பக்கத்தில், ஜனங்கள் போய் வருகிற வழியோரத்தில் வைத்தேன். ஒருவர் நடுங்கிக்கொண்டே “சிவசிவா” என்று ஓடினார். இரண்டு பேர் காதோடு காதாகக் கத்திப் பேசினார்கள். “என்னது?” “துண்டு எங்கன?” “என்னது?” எல்லாம் விழுந்தது. அரை மணி கழித்து அந்த அம்மா ஈரத் தலையோடு, உதடு நீலம் பாய்ந்து வந்தார். மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினேன். “உங்க வீட்டு அண்ணாச்சிகிட்ட ஏதாவது சொல்லுங்க.”

பல் கிட்டிக்கொண்டே சொன்னார்: “குளுருது… பொய் சொன்னீங்களே, மெத்துன்னு இருக்கும்னு. முதுகுல கல்லு விழுந்த மாதிரி விழுது. நான் மறுபடியும் போகப் போறேன்.” சொன்னபடியே மறுபடியும் போனார்.

டேப்பைப் போட்டுக் கேட்டபோது, அதில் குற்றாலம் இருந்தது.

கோயில் அருவிக்குப் பக்கத்திலேயே. திருவிழாவுக்கு மைக் கட்டுகிறவன் என்பதால் அங்கே எனக்கு எல்லோரும் பழக்கம். ஆபீசில் சொல்லிவிட்டு, காரை மதிலோரம் நிறுத்தி, வயரை உள்ளே இழுத்து, மெஷினை மண்டபத் தூணோரம் வைத்தேன். உச்சிக்கால பூஜைக்கு நாகஸ்வரம் வாசித்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். கூட வாசித்த தவில்காரர் அவருடைய தங்கை மாப்பிள்ளை. அவரைக் கேட்காமல் பிடிப்பது முறையில்லை என்று பூஜை முடியும்வரை காத்திருந்து, மண்டபத்துக்கு வந்தவரிடம் அந்த அம்மாவை அழைத்துப் போனேன்.

“அண்ணாச்சி, இவங்க பினாங்குல இருந்து வந்திருக்காங்க. இவங்க வீட்டுக்காரரு இங்கன தவில் வாசிச்சவராம். அவருக்குக் கேக்கணும்னு உங்க வாசிப்பைப் பிடிக்க வந்திருக்கோம்.”

அந்த அம்மா கணவரின் பெயரைச் சொன்னார். நாகஸ்வரக்காரர் துண்டால் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“அவனா? அவன் இருக்கானா?”

“இருக்காரு. கையும் காலும் விழுந்து கட்டில்ல இருக்காரு.”

“அவனுக்கு நான் வாசிக்க மாட்டேன்” என்றார். சத்தம் போடவில்லை. உறையில் நாகஸ்வரத்தைப் போட ஆரம்பித்தார்.

என்ன அண்ணாச்சி என்று இழுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார். “ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிச்சவங்கம்மா. பத்து வருஷம் ஒரே செட்டு. கொடியேத்தத்தன்னைக்கு வெள்ளனே தவிலை என் வீட்டு வாசல்ல வெச்சுட்டுப் போனவன்தான். சொல்லலை, கொள்ளலை. சாமி புறப்பட்டு நிக்குது, எனக்குத் தவில் இல்ல. அரை மணி நேரம் ஊரே என் மூஞ்சியைப் பாத்துச்சு. கப்பலேறிட்டான்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும். ஒரு கடுதாசி? ஒரு வரி?”

அந்த அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. வேலை தேடி வந்ததாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தாராம். அழுதுவிடுவார் என்று நினைத்தேன். ஈரத் தலையை முடிந்துகொண்டு நேராக நின்றார்.

“நீங்க சொல்லுததைப் பாத்தா அவரு செஞ்சிருக்காரு. நான் சாக்குச் சொல்ல வரலை” என்றார். பிறகு என் கையிலிருந்த மைக்கை வாங்கி அவர் முன்னால் நீட்டினார். “ஏசணும்னு இருபது வருஷமா வெச்சிருக்கீங்கள்லா? இதுல ஏசுங்க. ஒரு சொல்லு விடாமக் கொண்டு போய்க் கொடுத்துருதேன். அவரு எந்திரிச்சு ஓடவும் முடியாது.”

தவில்காரர் சிரித்துவிட்டார். நாகஸ்வரக்காரர் சிரிக்கவில்லை. “இதுல பேசினா அவனுக்குக் கேக்குமா?” என்று என்னைக் கேட்டார். கேட்கும் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் மெஷினைப் போட்டேன்.

ஏசினார். “ஏலே” என்று ஆரம்பித்தார். நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகளும் அதில் உண்டு, கோயில் மண்டபம் என்பதையும் மறந்து. புறப்பாட்டில் பட்ட அவமானம், அதற்குப் பிறகு அமர்த்திய தவில்காரர்கள் ஒவ்வொருவரும் எந்த இடத்தில் தப்பினார்கள், கல்யாண வீடுகளில் “அவர் வரலையா?” என்று கேட்டவர்கள், எல்லாம் சொன்னார். “உன் அம்மா செத்தப்போ நான்தாம்லே கொள்ளி வெச்சேன்” என்று சொல்லும்போது குரல் உடைந்துபோய் நின்றது. அருவி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த அம்மா அப்போதுதான் அழுதார். மைக்கைப் பிடித்த கை மட்டும் ஆடவில்லை.

நாகஸ்வரக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எந்தக் கை விழுந்துச்சு?” என்று கேட்டார்.

“வலது கை.”

“அப்போ குச்சி பிடிக்கிற இடது கை இருக்கு” என்றார். உறையிலிருந்து நாகஸ்வரத்தை எடுத்தார். தங்கை மாப்பிள்ளையைப் பார்த்து, “நீ தவிலைத் தொடாத மாப்பிள்ளை. ஜால்ராவை எடுத்துத் தாளம் மட்டும் போடு. அவன் எடம் சும்மா கெடக்கட்டும்.”

கல்யாணி வாசித்தார். ஆலாபனையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு பல்லவி எடுத்தார். தவில் பேச வேண்டிய இடம் வந்ததும் நாகஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தார். ஜால்ரா மட்டும் தாளத்தை எண்ணிக்கொண்டு போனது. அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கேட்காத ஒன்று அவருக்குக் கேட்டது என்று தெரிந்தது. சரியான இடத்தில் பல்லவியை எடுத்தார். மறுபடி நிறுத்தினார். இப்படி நாலு தடவை. வெறுமையாக விட்ட இடத்தை அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டு நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. டேப் தீரப் போகிறதே என்று சுருளையே பார்த்துக்கொண்டிருந்தேன். டேப் முடிவதற்கு இரண்டு சுற்று பாக்கி இருக்கும்போது வாசிப்பு முடிந்தது.

போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். “எனக்கு எதுக்கு? அவன் கேக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். ஆனால் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. அவர் வீட்டில் இலை போட்டு, அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று அவரே ரசம் ஊற்றினார். அன்று சாயங்கால ரயிலில் அந்த அம்மாவை ஏற்றிவிட்டேன். வந்தபோது போலவே பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார். “இனி இது கனக்கத்தான் செய்யும்” என்றார்.

கடிதம் வர நாலு மாதம் ஆயிற்று. என் கடை விலாசத்துக்குத்தான் அந்த அம்மா எழுதியிருந்தார். அவருடைய கணவர் காற்றைக் கேட்டாராம், அருவியைக் கேட்டாராம், மனைவி நடுங்கிக்கொண்டு பேசியதற்குச் சிரித்தாராம். ஏச்சை மூன்று நாள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாராம். நாலாவது நாள்தான் வாசிப்பைப் போட விட்டார். முதல் தடவை கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். மறுநாள் முக்காலி ஒன்றைக் கட்டிலோரம் இழுத்துப் போடச் சொல்லி, சமையலறையிலிருந்து ஒரு குச்சியை வாங்கிக்கொண்டு, காலியாக விட்ட இடம் வந்தபோது இடது கையால் தட்டினார். இப்போது தினமும் சாயங்காலம் அதுதான் வேலை என்று எழுதியிருந்தது. கீழே கோணல்மாணலான எழுத்தில், இடது கையால் எழுதியது, ஒரே வரி: ‘தப்பு என்மேல்தான்.’

அன்றைக்கே குற்றாலம் போனேன். நாகஸ்வரக்காரர் வீட்டு வாசலில் நின்று கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கோணல் வரியைக் கையில் வாங்கி அவரே ஒரு தடவை பார்த்தார். நான் ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“மூணாவது சுத்துல நான் பல்லவியைக் கொஞ்சம் தள்ளி எடுத்தேன். அதைப் பிடிச்சானாமா?”

“அது எழுதலையே, அண்ணாச்சி.”

“அப்போ விட்டுட்டான்” என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. “பதில் எழுதும்போது சொல்லு. மூணாவது சுத்து. தாளத்துல முக்கால் இடம் தள்ளி. நல்லாக் கேட்டுப் பாக்கச் சொல்லு.”

அப்படியே எழுதிப் போட்டேன்.