செந்தாமரை டீச்சரின் தீர்ப்பு

"நடுவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், என்னைப் பெற்றவளே வந்து பேசினாலும் பக்கம் சாய மாட்டேன்" என்பது செந்தாமரை டீச்சரின் பிரகடனம். சேரப்பணஞ்சேரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பதினெட்டு ஆண்டுவிழாப் பட்டிமன்றங்களுக்கு அவர்தான் நடுவர். பதினெட்டிலும் "இரு பக்கமும் நியாயம் உண்டு" என்று சொல்லி, இரு அணியையும் சமமாக ஏமாற்றிய பெருமை அவருக்கு உண்டு.

இந்த வருடம் தேர்தல் நேரம். வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றித் தொலைக்காட்சியில் ஓயாத விவாதம். அது ஆசிரியர் அறைக்குள்ளும் நுழைந்து, டிபன் பாக்ஸ்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டது.

"கம்பெனி வாசல்ல நம்ம பசங்க நின்னுகினே கீறானுங்க. அவனுங்கள மட்டும் பஸ் வச்சி இட்டுகினு போறான்" என்று பொங்கினார் சாம்சன் சார். அவருடைய தம்பிக்கு ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை போய் இரண்டு மாதம்.

"அவங்க புள்ளைங்க இல்லன்னா நீங்க காலி பெஞ்சுக்குத்தான் சார் பாடம் எடுக்கணும்" என்றார் ஜாஸ்மின் டீச்சர். அதன்பின் ஒரு வாரம் இருவருக்கும் குழம்புப் போக்குவரத்து இல்லை.

செந்தாமரை டீச்சர் கலங்காமல் தயிர்சாதம் சாப்பிட்டார். இதையே பட்டிமன்றத் தலைப்பாக்கிவிட்டால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள் என்பது அவர் கணிப்பு: 'வெளிமாநிலத்தார் வருகையால் நம் ஊருக்கு நன்மையா, தீமையா?' வழக்கப்படி இரு அணிக்கும் உரைகளை அவரே எழுதினார். வழக்கப்படி சீட்டுக் குலுக்கினார். 'தீமையே' அணிக்குத் தலைவியாக வந்தவள் ஏழாம் வகுப்பு ரஸ்மிதா. ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். பள்ளியிலேயே பிசிறில்லாத தமிழ் அவளுடையதுதான்.

சீட்டு சீட்டுதான் என்றார் டீச்சர். மாற்றினால் நடுநிலை என்னாவது?

மூன்றே நாளில் உரை மனப்பாடம். "அவர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது! அவர்கள் வந்தார்கள், நம் வேலை போயிற்று!" ஒத்திகையில் முழங்கிக்கொண்டிருந்த ரஸ்மிதா சட்டென்று நின்றாள்.

"டீச்சர், 'அவர்கள்'னு சொல்றப்ப கைய எந்தப் பக்கம் காட்டணும்? அப்பா லீவு போட்டுட்டு வராரு. முன்னாடிதான் உக்காருவாரு."

கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கையசைவைத்தான் அவளும் கேட்டாள்.

"போய்த் தண்ணி குடிச்சிட்டு வா கண்ணு" என்றார் டீச்சர்.

ஆண்டுவிழா அன்று, பெயிண்ட் கறை போகாத விரல்களோடு அவள் அப்பா முன்வரிசையில் இருந்தார். மகளைப் படம் பிடிக்கக் கைபேசியை அப்போதே தூக்கிவைத்திருந்தார். டீச்சர் நடுவர் முன்னுரையைத் தொடங்கினார். இரண்டாவது வரியில் நின்றார். காகிதத்தை மடித்தார்.

"நன்மையே. இதுதான் தீர்ப்பு" என்றார். மைக்கிலும் சரியாகக் கேட்கவில்லை.

'நன்மையே' அணித் தலைவன் ஜோயல் பதறி எழுந்தான். "டீச்சர், இன்னும் யாருமே பேசல! பத்து நாளா படிச்சிகினு கீறேன்!"

"தெரியும்டா. உக்காரு."

ரஸ்மிதாவின் கையிலிருந்த உரையை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.